படமெடுத்த மஃப்ளர்

நாள் முழுக்கக் கண்களையே பார்ப்பவளுக்குக் கண்ணைப் பார்த்துக் காதல் வராது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிற வேலை. மான்விழி, மீன்விழி என்று யாராவது உருகினால், "கிட்டப் பார்வையா, தூரப் பார்வையா?" என்று கேட்கிற ரகம்.

அப்படிப்பட்டவள்தான் ஒரு மாலை லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டாள்.

ஐந்தாம் மாடியில், அண்ணன் வீட்டுக் கூடத்தில், அவளுடைய அண்ணி தலைமை தாங்கும் கலைப் பின்னல் மன்றத்தில் அவள் புது மாணவி. "பின்னல் ஒரு தவம்!" என்று அண்ணி ஊசியை உயர்த்தி முழங்குவாள். இவளைப் பார்த்து மட்டும், "நீயாவது, ஒண்ணை முடிக்கிறதாவது!" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு சுட்டதால் இவள் நடக்கும்போதும் பின்னினாள். பின்னிக்கொண்டே லிஃப்டிலும் ஏறினாள். ஊசி கையில்... நூல்கண்டு வராந்தாவில்!

கதவு மூடியது. லிஃப்ட் இறங்கியது. ஊசியிலிருந்து, பின்னியிருந்த கண்ணிகள் படபடவென்று கழன்றன. அலறியபடி கைக்கு வந்த பொத்தானை அமுக்கினாள். இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றது.

வெளியே மழை. உள்ளே மூச்சு. வெகுநேரம் கழித்து மேலே கதவு விலகி, இடைவெளியில் ஒரு முகம் எட்டிப் பார்த்தது... தலைகீழாக. ஈரம் சொட்டும் இமைகள். தலைகீழாய் இரண்டு கண்கள்.

பார்வையில் கோளாறு இல்லை என்றது அவளுடைய தொழில். மற்றதெல்லாம் வாயடைத்துப் போயிருந்தது.

"பயப்படாதீங்க, நான் லிஃப்ட் மெக்கானிக். கதவுல நூல் சிக்கியிருக்கு. வெட்டிட்டா சரியாயிடும்..."

"வெட்டினீங்க, நடக்கிறதே வேற!"

"ஏங்க, மாட்டிக்கிட்டிருக்கிறது நீங்களா, நூலா?"

"ரெண்டு பேரும்."

"யாரை முதல்ல வெளிய எடுக்கட்டும்?"

"நூலை!"

வெட்டிய நூலை முடிச்சுப் போட்டுத் தொடரலாம் என்பது பின்னத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. தெரியாமலிருப்பதில்தான் எத்தனை சௌகரியம்!

அவன் கத்தரியைப் பைக்குள் போட்டான். தரையில் படுத்தபடியே, கிரீஸ் அப்பிய விரல்களால் இழை இழையாகச் சிக்கெடுத்தான். முதலில் நூல் வெளியே வந்தது. பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவள் வந்தாள். மஞ்சள் நூலில் கறுப்பு. அவள் உள்ளங்கையிலும் கறுப்பு.

"கறையாயிடுச்சுங்க..."

"இருக்கட்டும்," என்றாள். நூலைச் சொன்னாளா, கையைச் சொன்னாளா... அவளுக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு அந்த லிஃப்டுக்குக் கிடைத்த கவனிப்பு எந்த லிஃப்டுக்கும் கிடைத்திருக்காது. நன்றாக ஓடினாலும், ஏன் நன்றாக ஓடுகிறது என்று பார்க்க அவன் வந்தான்.

"மஃப்ளர் வளருதுங்களே!"

"நீளத்துல வளரணும். இது அகலத்துலயும் வளருது." வரிசைக்கு வரிசை, தெரியாமலே ஒரு கண்ணியைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"அதான் பார்த்தேன். நல்ல பாம்பு மாதிரி படமெடுக்குது."

"கிண்டல் பண்ணா கொத்தும்!"

அண்ணியின் காதுக்கு இது எட்டியது. "லிஃப்ட் ரிப்பேர் பண்றவன்கிட்ட உனக்கென்ன பேச்சு? மன்றத்துக் கண்காட்சிக்கு, உனக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளையோட அம்மா வர்றாங்க. கறைபட்ட இடத்தையெல்லாம் பிரிச்சுட்டு ஒழுங்கா பின்னு. இல்லேன்னா மேசைப் பக்கமே வராதே!" அண்ணன் செய்தித்தாளுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தார்.

அண்ணியின் குரலுக்கு ஐந்து மாடியும் போதாது. லிஃப்டின் மேல்கூரையில் நின்றிருந்தவனுக்கு ஒரு சொல் தவறாமல் கேட்டது. மறுநாளிலிருந்து அவன் வரவில்லை. லிஃப்ட் நன்றாக ஓடியது. அதைப் பார்க்கவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அவள் ஒரு கண்ணியைக்கூடப் பிரிக்கவில்லை.

கண்காட்சி நாள். கீழ்த்தளக் கூடத்தில் கூட்டம். ஏறிய கனத்தில் லிஃப்ட் முரண்டு பிடிக்க, அவனை அழைத்திருந்தார்கள். கருவிப் பெட்டியோடு கதவோரம் நின்றான், அவள் பக்கம் திரும்பாமல். அவள் நேராகப் போய் மஃப்ளரை நடு மேசையில் விரித்தாள்... கறை மேலே தெரியும்படி.

"சின்னப் பொண்ணு, விளையாட்டுக்குச் செஞ்சது," என்று வருங்காலச் சம்பந்தியிடம் குழைந்தாள் அண்ணி. "ஒரு இழு இழுத்தா பிரிஞ்சிடும், பாருங்க!"

நூல்முனையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. பல்லைக் கடித்து இழுத்தாள். மேசை விரிப்பு வந்தது, மஃப்ளர் பிரியவில்லை.

"கடைசி வரிசையைக் கட்டி முடிச்சுப் போட்டாச்சு அண்ணி. முடிஞ்ச பின்னல் இழுத்தா பிரியாது. நீங்க ஒண்ணையாவது முடிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

சின்னக் குறை கண்டாலும் முழுசாகப் பிரித்துவிடுவது அண்ணியின் தவம். அதனால் அவளுடைய சால்வை வருடக்கணக்காக ஒரு சாண் உயரத்திலேயே இருந்தது. "உங்களோடது எதும்மா?" என்று மாப்பிள்ளையின் அம்மா அப்பாவியாய் மேசையைத் தேடினாள்.

இவள் மஃப்ளரை எடுத்துக்கொண்டாள். எல்லோரும் பார்க்க, கருவிப் பெட்டிக்காரன் முன்னால் போய் நின்றாள். நேராகப் பார்த்தாலும் அதே கண்கள்தான்.

"வேணாங்க... உங்க வீட்ல..."

"எங்க வீட்டைக் கேட்டு நான் லிஃப்ட்ல மாட்டலை." கழுத்தைச் சுற்றிப் போட்டாள். ஒரு முனை கயிறு, மறுமுனை போர்வை. "உங்களைப் பிடிச்சிருக்கு. கறையோட. உங்களுக்கு?"

அவன் கறையைத் தடவிப் பார்த்தான். "எனக்கும்... ரொம்ப."

"மஃப்ளரையா, என்னையா?"

"ரெண்டு பேரையும். யாரை முதல்ல சொல்லட்டும்?"

இந்த முறை அவள் நூலைச் சொல்லவில்லை.