தாழின் சூடு

வேலிக்கம்பிகளெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்த அந்த டிசம்பர் சாயங்காலத்தில், விதர்கம் ஊர்க் கோயிலின் கல்லறைத் தோட்ட வாசலில் இரும்புத் தாழ் மட்டும் சூடாக இருந்தது. மார்ஜரி கையுறையைக் கழற்றிவிட்டு மறுபடி தொட்டுப் பார்த்தாள். யாரோ பிடித்திருந்துவிட்டு அப்போதுதான் கையை எடுத்தாற்போல ஒரு வெதுவெதுப்பு. அதுவும் சின்னக் கை.

ஞாயிறு ஆராதனைக்குப் பூ வைப்பது அந்த மாதம் அவள் முறை. கோயிலுக்குள் ஈரக்கல்லும் மெழுகும் பழைய பாட்டுப்புத்தகங்களின் பூஞ்சணமும் கலந்து மணத்தன. கோயிலைப் பெருக்கிப் பூட்டிப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை சிரில் கணப்புக்குக் கரி அள்ளிக்கொண்டிருந்தார்.

"வாசல் தாழ் சூடா இருக்கு சிரில்."

"என் கை பட்டிருக்கும்."

"மத்தியானத்துலேர்ந்து நீங்க உள்ளேதான் இருக்கீங்க. மழுப்பாதீங்க. அங்க வரும்போதும் போகும்போதும் தொப்பியத் தொடுறீங்களே, யாருக்கு?"

"எங்கப்பா தொட்டாரு, நானும் தொடறேன். கடைசியாப் புதைச்சவங்க வாசல்ல காவல் நிக்கணுமாம். அடுத்த ஆள் வந்து கதவைக் கையில வாங்கிக்கிற வரைக்கும். எங்க சித்தப்பா செத்து ஒரு வாரம்கூட நிக்கல, அதுக்குள்ள அடுத்த சாவு விழுந்துடுச்சு. உயிரோட இருந்தப்பவே வேலைன்னா அந்தாளுக்கு ஆகாது."

அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கடைசியாகப் புதைத்தது மார்ஜரியின் மகள் டில்லியை. இரண்டு குளிர்காலத்துக்கு முன் காய்ச்சலில் போன பிள்ளை. எழுநூறு வருடமாக ஊர் தன் பிணங்களையெல்லாம் அந்தக் கோபுரத்தடியில் அடுக்கி, ஒரு மண்வெட்டி இறங்க இடமில்லாமல், மில் சாலையில் புது மயானம் திறந்திருந்த நேரம். மார்ஜரிதான் பாதிரியார் வீட்டுக் கதவைத் தட்டி அழுதாள். எங்கம்மா பக்கத்துல ஒரு சின்னக் குழி, ஏழு வயசுப் பிள்ளைக்கு எவ்வளவு இடம் வேணும் என்று. கொடுத்தார்கள். அதோடு தோட்டத்தை மூடிவிட்டார்கள்.

இனி அடுத்த ஆள் என்று ஒருவர் அங்கே வரப்போவதில்லை.

"அப்போ டில்லி?"

சிரில் கரியையே பார்த்தார். "பிள்ளைங்களுக்கு அதெல்லாம் கிடையாதுன்னு நினைச்சுக்கிட்டேம்மா."

பூக்கூடையை அப்படியே வைத்துவிட்டு மார்ஜரி வெளியே வந்தாள். இருட்டிவிட்டிருந்தது. காக்கைகள் அடங்கியிருந்தன. கல்லறைகளைச் சூழ்ந்த யூ மரங்களுக்கடியில் இருட்டு இன்னும் கெட்டியாக, ஈரமண் வாசனையோடு நின்றது. வாசலில் இரும்பு கிரீச்சிட்டது. காற்றில்லை.

மறுபடி கிரீச்.

தாழ் எட்டாத உயரம். ஒரு சின்ன உருவம் எக்கிப் பிடித்திருந்தது. சிவப்புக் கம்பளிக் கையுறை. அவளே பின்னி, சவப்பெட்டியில் போட்டு அனுப்பியது. ஒரு கைக்குத்தான் இருந்தது. தலைமுடியில் மண். தூங்கவே விடப்படாத குழந்தையின் முகம். அம்மா என்று அது கூப்பிடவில்லை.

"போய்த் தூங்குடி கண்ணு. அம்மா பிடிச்சுக்கறேன்."

சின்னக் கையின்மேல் தன் கையை வைத்தாள். அடியிலிருந்து அது நழுவியது. கல்லறைகளுக்கு நடுவே ஓடியது. திரும்பிப் பார்க்கவில்லை. புல் ஒருமுறை அசைந்து அடங்கியது.

மார்ஜரி கையை எடுக்கப் பார்த்தாள்.

வரவில்லை.

கோயிலைப் பூட்டிக்கொண்டு அவள் கூடையோடு சிரில் வந்தார். "மார்ஜரி, கூடைய விட்டுட்டியே," என்று வெறும் பாதையைப் பார்த்துச் சொன்னார். அவள் கத்தினாள். அவர் காதில் விழவில்லை. அவர் கை அவள் கையினூடே போய்த் தாழைத் தொட்டது. சட்டென்று பின்னுக்கு வந்தது; அந்தச் சூடு இப்போது சின்னக் கையுடையது அல்ல.

கூடையைக் கீழே வைத்தார். தொப்பியைத் தொடவில்லை, முழுசாகவே கழற்றினார்.

"வரேன் மார்ஜரி," என்றார், எங்கும் பார்க்காமல்.