ஒன்பதாம் தெருவின் பழுது முறை

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் தெருவில் யாராவது ஒருவர் வீட்டில் ஒரு பொருள் நின்றுபோகும். மிக்ஸி, மின்விசிறி, துணி துவைக்கும் இயந்திரம், எதுவாகவும் இருக்கலாம். ஏழு அடித்ததும் எல்லோரும் வாசலுக்கு வந்து, "யாரு வீட்ல?" என்று விசாரிப்பார்கள். பழுது விழுந்த வீட்டுக்காரர் செத்த பொருளைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வருவார். கூடவே நாலு பேர் கேலி பேசிக்கொண்டு வருவார்கள். நான் புதியதை எடுத்துக் கொடுத்து, எல்லோருக்கும் டீ சொல்லுவேன். தூத்துக்குடியில் எல்லாத் தெருவிலும் இதே கூத்துதான்.

என் பெயர் தவசிமுத்து. ஒன்பதாம் தெருவின் ஒரே கடை என்னுடையது. உப்பு, புளியிலிருந்து குளிர்பெட்டி வரை இங்கேதான் வாங்க வேண்டும். பதினைந்து வருடத்துக்கு முன் இப்படி இல்லை. ஒரு பெரிய நிறுவனத்தின் ஆளில்லாப் பறவைவண்டிகள் எல்லாவற்றையும் மொட்டைமாடியிலேயே இறக்கிவிட்டுப் போகும். கொள்ளை மலிவு. ஊர்க்கடைகள் ஒவ்வொன்றாகப் பூட்டின. கடைசிக் கடையும் பூட்டிய மறுவருடம், ஆதாயம் போதவில்லை என்று அந்த நிறுவனம் பறவைவண்டிகளை நிறுத்திவிட்டது. நாற்பது நாள் தீப்பெட்டிகூடக் கிடைக்காமல் ஊர் கிடந்தது. பால்மாவு இல்லாமல் குழந்தைகள் செத்தன.

அதற்குப் பிறகு வந்ததுதான் கடைக்காப்புச் சட்டம். தெருவுக்கு ஒரு கடை. கடை பிழைக்க வேண்டுமே, அதற்காக ஒவ்வொரு பொருளுக்குள்ளும் ஒரு முறைச்சில்லு. வாரம் ஒரு வீட்டில் ஒரு சில்லு, குலுக்கல் முறையில், பொருளை நிறுத்திவிடும். கடைக்காரனுக்கும் கட்டுப்பாடு உண்டு. அன்றைக்கே மாற்றுப் பொருள் கொடுக்க வேண்டும். மூன்று முறை கைவிரித்தால் கடை போய்விடும். அடுத்த கடையை ஒதுக்க இரண்டு வருடம் ஆகும். நான் ஏற்கெனவே இரண்டு முறை கைவிரித்திருந்தேன்.

அந்த வியாழன் நின்றது, எதிர்வீட்டுச் சுயம்புவின் மூச்சுப்பெட்டி.

சுயம்பு பத்து வருடம் நிலக்கரிச் சாம்பல் அள்ளியவர். நுரையீரல் அரித்துப்போய், மூக்கில் குழாயோடு கிடந்தார். காற்றைப் பிரித்து ஆக்சிஜன் தரும் பெட்டி அது. மருத்துவச் சாதனங்களை முறையிலிருந்து விலக்கலாமா என்று தெருக்கூட்டத்தில் பேச்சு வந்தபோது, வேண்டாமென்று சொன்னதே அவர்தான். "எனக்கு மட்டும் என்ன சலுகை? அண்ணாச்சிதான் அன்னைக்கே குடுத்துருவாகளே" என்றார். எல்லோரும் கைதட்டினோம்.

அவர் மனைவி சிவகனி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அண்ணாச்சி, பெட்டி நின்னுட்டு. புதுசு இருக்கா?"

கடையில் இல்லை. கிடங்கு லாரி கோவில்பட்டியில் அச்சு முறிந்து கிடந்தது எனக்கு முந்தின நாளே தெரியும்.

"மத்தியானம் வந்துரும், சிவகனி."

"வீட்ல ஒரு சிலிண்டர்தான் கெடக்கு. சாயங்காலம் வரைக்கும் தாங்கும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிரட்டுமா?"

"எதுக்கு அவரப் போட்டு அலைக்கழிக்க? அதான் வந்துரும்னு சொல்லுதம்லா."

கடைக்காரன் வாயில் 'இல்லை' வரக்கூடாது என்பார்கள். எண்ணெய் தீர்ந்தாலும் 'நாளைக்கு வரும்' என்றுதான் சொல்லுவோம். பழக்கதோஷம் என்று இதைத் தள்ளிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அன்றைக்கு என்னைப் பேசவைத்தது பயம்; அவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் மூன்றாவது கைவிரிப்பும் பதிவாகிக் கடை போய்விடும். மத்தியானம் மறுபடி வந்தாள். நாலு மணிக்குள் வந்துவிடும் என்றேன். நாலு மணிக்கு வந்தபோது, லாரி எட்டயபுரம் தாண்டிவிட்டதாகப் பச்சையாகப் புளுகினேன். அவள் என்னை நம்பினாள். ஐந்தரைக்குச் சிலிண்டர் தீர்ந்தது. ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார்கள். பாதி வழியிலேயே சுயம்பு போய்விட்டார்.

லாரி வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது.

காரியம் முடிந்த மறுநாள் கடைக்காப்பு வட்ட ஆய்வாளர் கைத்திரையோடு கடைக்கு வந்து, சிவகனியையும் வரவழைத்தார். தெருவே வெளியே நின்றது. ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீங்க கேட்டப்போ கடையில பொருள் இருந்ததாம்மா?" என்று சிவகனியைக் கேட்டார்.

சொல்லித் தொலைக்கட்டும் என்றுகூட நினைத்தேன்.

"இருந்துச்சு சார். நாந்தான் வாங்கத் தாமசமாக்கிட்டேன்."

திரையில் பெருவிரலை வைத்தாள். புருஷனைச் சாகவிட்டவள் அவள்தான் என்று சர்க்கார் ஏட்டில் பதிவாகிவிட்டது. ஆள் இல்லாவிட்டாலும் மாற்றுப் பெட்டியை அவள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டுபோய்த் தினமும் ஓட்ட வேண்டும், ஆறு மாதம் அதன் சில்லு ஓடினால்தான் சட்டப்படி முறை முடிந்ததாகும் என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் கிளம்பினார். கூட்டமும் கலைந்தது.

"ஏம்மா அப்படிச் சொன்ன?" என்றேன்.

"ஒம்ம மூஞ்சிக்காவச் சொல்லல. கட இல்லாத நாப்பது நாள்ல என் மூத்தவளச் சாகக் குடுத்தவ நான். இப்ப கீழவீட்ல கைப்பிள்ள இருக்கு."

அதுவரை அவள் என்னை 'அண்ணாச்சி' என்றல்லாமல் 'ஒம்ம' என்று பேசியதில்லை. புதுப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்து போனாள்.

இப்போது தினமும் காலையில் அதை ஓடவிடுகிறாள். காலிக் கட்டிலின் தலைமாட்டில் பெட்டி உறுமுகிறது. குழாய் தலையணைமேல் காற்றை விட்டுக்கொண்டே இருக்கிறது. கல்லாவில் உட்கார்ந்தால் எனக்கு அது கேட்கிறது. நாலு நாள் தாங்கினேன். ஐந்தாம் நாள் கடையைத் திறக்காமல் நேரே அவள் வீட்டுக்குப் போனேன்.

"அத நிப்பாட்டிரு, தாயி. ஆய்வாளர்ட்ட உண்மையச் சொல்லிட்டு நான் ஊரவிட்டே போயிருதேன். என்னால முடியல."

சிவகனி கட்டில் விரிப்பை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"நீரு போயிட்டா அவுக செத்தது எதுக்குன்னு ஆவும்? போயி கடையத் தொறயும். கீழவீட்டுக்காரி பால்மாவுக்கு நிக்கா."

போய்த் திறந்தேன்.