பெயரைச் சொல்லிவிட்டு வெட்டுங்கள்!

'தீவக மக்கள் யாவருக்கும் பெருமகிழ்ச்சியுடன் அறியத்தருவது யாதெனில், எமது ஆஸ்பத்திரியின் சத்திரசிகிச்சைக் கூடம் தவறே நிகழாத கூடமெனத் தெரிவாகி, கேடயம் பெறவுள்ளது!'

இந்த அறிவித்தல் ஒட்டிய கதவை, இரத்தம் ஒழுக ஒழுக ஒரு ஸ்ட்ரெச்சர் இடித்துத் திறந்தது.

மேலே ஷாருஜன். அனலைதீவு மீனவன். வயிற்றில் கத்திக்குத்து. நினைவில்லை.

"ஆரோ குத்திப்போட்டு ஓடிட்டான்... என்ர மச்சானைக் காப்பாத்துங்கோ!"

படகில் ஏற்றி வந்த அன்ரனிதாஸ் நெஞ்சில் அடித்துக் கதறினான்.

குத்தியது யார் என்று ஷாருஜன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

அவன் பிழைத்தால்!

தியேட்டருக்குள் டொக்டர் தில்லைநாதன் கத்திக்குக் கை நீட்டினார்.

"பொறுங்கோ, டொக்டர்," என்றாள் தாதி அன்ரனிட்டா. "வெட்ட முன்னம் எல்லாரும் பேரும் வேலையும் சொல்லோணும்."

"என்ன விசர்க்கதை! ஆள் சாகக் கிடக்கிறான்... நீர் பள்ளிக்கூடம் மாதிரி இடாப்புக் கூப்பிடுறீர்! இந்தத் தீவில என்னைத் தெரியாத நாயும் இல்லை!"

"தெரியும். சொல்லுங்கோ."

பல்லைக் கடித்தார்.

"தில்லைநாதன். சத்திரசிகிச்சை நிபுணர்."

"யூலியானா. மயக்கமருந்து."

முகமூடியும் தொப்பியுமாக மூலையில் நின்றவன் செருமினான்.

"பிலிப்பு... அற்றென்டன்."

விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்த உதவியாளர் திடுக்கிட்டுத் தாதியைப் பார்த்தார்.

"அப்ப... நான் ஆர், மிசி?"

மூலையில் நின்றவன் உடைமாற்றும் அறையில் திருடிய அங்கியில், பிலிப்புவின் பெயர் அட்டை தொங்கியது!

"இவன் செத்தால் படகு எனக்குத்தான்!" என்று பாய்ந்தான்.

அவன் கையில் கத்தி மின்னியது! ஷாருஜனின் கழுத்தை நோக்கி...

அன்ரனிட்டா தள்ளுவண்டியை முழு வேகத்தில் அவன் இடுப்பில் மோதினாள். எலும்பு நொறுங்கியது!

டொக்டர் மேசைக்கடியில் பாய்ந்தார். முழுதாகப் பாயவில்லை. வெளியே மிஞ்சிய பின்புறத்தில், விழுந்தவனின் கத்தி ஆழமாக இறங்கியது!

"ஐயோ... அம்மா!"

பிலிப்பு சேலைன் கம்பியைச் சுழற்றினார்.

ணங்!

பல்லும் இரத்தமும் தரையில் தெறித்தன. முகமூடி அறுந்தது.

அன்ரனிதாஸ்!

"வெளியில நிண்டு அழுதவன் எல்லோ!" அலறினாள் யூலியானா.

"குத்தினதும் இவன்தான். சனம் வந்திட்டதால காப்பாத்திற மாதிரித் தூக்கிக்கொண்டு வந்தவன்... மிச்சத்தை இஞ்ச முடிக்கப் பாத்தவன்," என்றாள் அன்ரனிட்டா. "டொக்டர், உங்கட காயத்தைக் கட்டிவிடுறன். கையைத் திரும்பக் கழுவுங்கோ."

"எனக்குக் கதிரையில இருக்க ஏலாது!"

"நிண்டுதானே வெட்டுறது?"

ஷாருஜன் பிழைத்தான். கண் திறந்ததும் மச்சானின் பெயரைத்தான் சொன்னான்.

அடுத்த கிழமை விழா. பொன்னாடை, மாலை, மேளம். 'பாதுகாப்பு என் உயிர்மூச்சு' என்று டொக்டர் நின்றபடியே நெடுநேரம் முழங்கினார். கைதட்டல் ஓயவில்லை.

கேடயத்தில் இருந்தது வேறொரு டொக்டரின் பெயர்.

பொறிக்கும் முன் யாரும் பெயரைக் கேட்கவில்லை.