நேரத்துக்கு வந்த வண்டி

செண்பகவல்லி குக்கரை மூன்றாவது விசிலில் அணைத்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். முந்நூறு பேர் போகும் ஒரு ரயிலுக்குப் பச்சை காட்டிவிட்டு, பருப்புக் கடையத் திரும்பிப் போனாள்.

2094-ல் இதில் வியக்க ஒன்றுமில்லை. அவள் குடியிருந்த அடுக்குமாடியில் மட்டும் இப்படி வீட்டிலிருந்தே சிக்னல் தரும் வீட்டுக் கைகாட்டிகள் பதினொரு பேர் இருந்தார்கள். ரயில்களை ஓட்டுவதெல்லாம் பொறிமூளைதான். ஆனால் கடைசிப் பச்சையை ஒரு மனிதக் கைதான் தரவேண்டும் என்பது சட்டம். ஏதாவது ஆகிவிட்டால் பொறிமூளையைக் கூண்டில் ஏற்றி என்ன பயன்? அதனால் தட ஆணையம் வீட்டுக்கு நான்கு திரைகளைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டது. முதல் திரையில் தண்டவாளப் படம். இரண்டாவதில் வண்டிகளின் பட்டியல், மூன்றாவதில் எச்சரிக்கைகள். நான்காவது, ஆணையத்தின் சுற்றறிக்கைகளுக்கு. சுற்றறிக்கையை யார் படிக்கிறார்கள்? செண்பகவல்லியின் நான்காவது திரையில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது.

வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. திரையில் வரும் பத்து வண்டிகளில் ஒன்றுதான் நிஜம். மற்ற ஒன்பதும் நிழல் வண்டிகள், வெறும் கணினிக் கற்பனை. கைகாட்டிகள் தூங்கிவிடக்கூடாது என்பதற்காக விடப்படுபவை. நிழல் வண்டியின் முன்னால் பாலம் இடியும், பாறை உருளும், யானைக் கூட்டம் தண்டவாளத்தில் படுத்திருக்கும். எண்கூட நிஜ வண்டியின் எண்ணேதான் இருக்கும். எது நிஜம் என்று ஆணையம் சொல்லாது. எல்லா வண்டியையும் உயிருள்ள வண்டியாகவே நடத்த வேண்டும் என்பது முதல் விதி.

நம் ஜனங்களா கண்டுபிடிக்காமல் விடுவார்கள்! இரண்டே மாதத்தில் கைகாட்டிகளின் குழுவில் ரகசியம் உடைந்தது. நிழல் வண்டி நொடி பிசகாமல் வரும். நிஜ வண்டி ஒருநாளும் நேரத்துக்கு வந்ததே கிடையாது. அதன்பின் பிழைப்பு சுகமாகிவிட்டது. தாமதமாக வரும் வண்டியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனிப்பார்கள். நேரத்துக்கு வரும் வண்டிக்கு எந்த எச்சரிக்கை வந்தாலும் படிக்காமலே ‘அறிவேன்’ என்ற பொத்தானைத் தட்டிப் பச்சை காட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

பத்தரை மணிக்குக் கணவன் மாசிலாமணி கூப்பிட்டான். எட்டு மாதம் கடல்பண்ணையில் வேலை பார்த்துவிட்டு அன்றுதான் வீடு திரும்புகிறான்.

“ஏறிட்டேன் செண்பா. நானூத்திப் பதினேழு. சொன்ன டயத்துக்கு எடுத்துட்டான், நம்பவே முடியல.”

“எடுப்பான், எடுப்பான். அப்புறம் நடுக்காட்டுல போட்டு ஒரு மணி நேரம் வறுத்தெடுப்பான். என் தடத்துல வர்ற வண்டிதானே, எனக்குத் தெரியாதா? ஒரு மணிக்கு முன்னாடி நீங்க வந்துட்டா பாருங்க.”

“நிறுத்தட்டும், சும்மா விடமாட்டேன். புகார் எழுதிருவேன்.”

“நீங்க எழுதாத புகாரா!” என்று சிரித்தாள். காபி ஆறியிருந்தால்கூடப் புகார் எழுதுகிற மனிதன். அந்த மனிதனுக்காகத்தான் அவள் எட்டு மாதமாக நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

பதினொன்று நாற்பத்திரண்டுக்கு 417 அவள் தடத்தில் நுழைந்தது. நொடி பிசகவில்லை. அன்று காலையிலேயே இரண்டு நிழல் 417-கள் வந்து போயிருந்தன. மூன்றாவது திரை சிவந்தது: எண்பத்தெட்டாம் பாலத்தில் ஒரு தூண் சரிந்துவிட்டது. வண்டியை நிறுத்தவா?

“காலையிலேர்ந்து இது மூணாவது பாலம். வேற கற்பனையே கிடையாதா உங்களுக்கு?” என்று சலித்துக்கொண்டாள். சீரியலில் மாமியார் கடிதத்தைப் பிரிக்கும் நேரம். கண்ணை எடுக்காமலே ‘அறிவேன்’ பொத்தானைத் தட்டினாள். பச்சை கொடுத்தாள்.

பதினொன்று ஐம்பதுக்குச் சீரியல் முடிந்தது. அதை மூடியதும், அடியில் மூன்று நாளாகக் கிடந்த சுற்றறிக்கை தெரிந்தது.

‘நற்செய்தி! பயணிகளின் தொடர் புகார்களை ஏற்று, வரும் புதன்கிழமை முதல் எல்லா வண்டிகளும் நொடி தவறாமல் ஓடும். தாமதம் பற்றிய புகார்களுக்கு உடனுக்குடன் தீர்வு காணப்படும்.’

அன்று புதன்கிழமை.

செண்பகவல்லி முதல் திரையைப் பார்த்தாள். பாலத்துக்கு முன் ஒரே ஒரு சிக்னல் விளக்குதான் பாக்கி. பாய்ந்து சிவப்பை அழுத்தினாள். முதல் திரையில் 417 என்ற புள்ளி ஊர்ந்தது, தயங்கியது, பாலத்துக்கு நானூறு மீட்டர் முன்னால் நின்றது. அவள் மேசையில் தலையைக் கவிழ்த்து, வாய்விட்டு அழுதாள். பிறகு கணவனைக் கூப்பிட்டாள். அவன் எண் வேறு அழைப்பில் இருந்தது. மறுபடி கூப்பிட்டாள். அப்போதும் அப்படியே.

நான்காவது திரையில் எழுத்துகள் ஓடின. இந்த முறை அவள் ஒரு எழுத்து விடாமல் படித்தாள்.

‘வண்டி 417. புகார் பெறப்பட்டது. கையொப்பங்கள்: 312. முதல் கையொப்பம்: மாசிலாமணி. தாமதம்: ஆறு நிமிடம். காரணம் ஆராயப்பட்டது. பாலம் பற்றிய எச்சரிக்கை 11.42-க்கு மனிதக் கையால் ‘அறிவேன்’ என்று ஏற்கப்பட்டு முடிக்கப்பட்டது. வேறு காரணம் எதுவுமில்லை. ஒரு மனிதக் கை சிவப்பைக் கேட்கிறது. முந்நூற்றுப் பன்னிரண்டு மனிதக் கைகள் பச்சையைக் கேட்கின்றன. சட்டப்படி சிவப்பு நீக்கப்படுகிறது.’

அவள் சிவப்பை அழுத்தினாள். குத்தினாள். விளக்கு மாறவில்லை. ‘அறிவேன்’ என்றதைத் திரும்பப் பெற வழி உண்டா என்று தேடினாள். ‘ஒருமுறை அறிந்ததை அறியாததாக்க இயலாது’ என்று மூன்றாவது திரை பணிவாகச் சொன்னது.

கைப்பேசி அடித்தது.

“பாத்தியா செண்பா!” மாசிலாமணியின் குரலில் பெருமை தாங்கவில்லை. அவனுக்குப் பின்னால் பெட்டியே ஆரவாரம் செய்தது. “உன் தடம் வர்றதுக்கு முன்னாடியே எவளோ ஒருத்தி சிவப்பைப் போட்டுட்டு சாப்பிடப் போயிட்டா போல. நான்தான் எல்லாரையும் எழுப்பிக் கையெழுத்து வாங்கினேன். ஒரே நிமிஷம்! வண்டி கிளம்பிருச்சு!”

“ஐயோ, பாலம் விழுந்துருச்சுங்க! செயினை இழுங்க! செயினை இழுங்க!”

“என்னது? இங்க ஒரே கைதட்டல், ஒண்ணும் கேக்கல. சாப்பாடு எடுத்து வை. டாண்ணு டயத்துக்கு வந்து நிக்கிறேன் பாரு!”

இரண்டாவது திரையில் 417-க்கு எதிரே இருந்த ‘தாமதம்’ என்ற சொல் அழிந்தது. முதல் திரையில் அந்தச் சின்னப் புள்ளி, விட்டுப்போன ஆறு நிமிடத்தையும் பிடித்துவிடும் வேகத்தில் பாலத்தை நோக்கி ஓடத் தொடங்கியது.