உறைக்குள் பாய்ந்த ஊதா

அரக்கு முத்திரை உடையவில்லை. ஆனாலும் உறைக்குள் இருக்கவேண்டிய வீட்டுப் பத்திரத்தைக் காணோம். அதன் இடத்தில் மடித்த செய்தித்தாள் ஒன்று இருந்தது.

"நாளைக்கு அவரைக் கோர்ட்டுல நிறுத்துறாங்க ஐயா," என்றாள் முத்தாயி. "கொண்டுபோனவர்தான் திருடினவராம்."

அவள் கணவன் வேலாயுதம் சிராங்கூன் சாலையில் இராமசாமியின் அரிசிக்கடையில் வேலை பார்ப்பவன். தன் தகப்பனார் தங்கை தங்கத்தின் பெயருக்கு எழுதிவைத்த வீட்டுப் பத்திரத்தை அவளிடம் சேர்க்கும்படி, டேங்க் ரோட்டுக்கு அவனை அனுப்பியிருந்தார் இராமசாமி. மழையில் நனைந்து உறையின் அடி ஒட்டு விட்டுப்போயிருந்தது. அந்த வழியாக அவன் தாளை மாற்றிவிட்டான் என்றது போலீஸ். தங்கம் அதை நம்பவில்லை. உறையையும் செய்தித்தாளையும் முத்தாயியிடம் கொடுத்து, தியாகராசாவைப் பார்க்கச் சொன்னாள்.

தியாகராசா யாழ்ப்பாணத்துக்காரர், சர்வே அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். உள்ளே எழுதியிருப்பது வெளியே தெரியாமலிருக்க உறைகளின் உட்புறத்தில் ஒரு கோலம் அச்சடிப்பார்கள். கிடைத்த உறைகளையெல்லாம் கோலத்தைப் பார்த்து அலை, வலை, செதில் என்று பிரித்து ஆல்பங்களில் ஒட்டிவைத்திருந்தார். ஆல்பத்தைப் புரட்டி அதே மாதிரி உறையைக் கண்டுபிடித்தார்.

"ஊதாச் செதில். எல்லாக் கடையிலும் விக்கிற உறை, பிள்ளை. இதை வைச்சு ஒண்டும் செய்யேலாது."

"இவ்வளவு குப்பை சேர்த்தும் ஒரு பிரயோசனமில்லை!" என்றாள் மனைவி குணமணி. துப்பு என்றால் கணவருக்கு முன்னால் ஓடுபவள் அவள்.

"எனக்கு வேற யாரை ஐயா தெரியும்?" என்று கேட்டுவிட்டு முத்தாயி தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தியாகராசாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆல்பத்தை மூடினார், மறுபடி திறந்தார், மறுபடி மூடினார்.

குணமணி சும்மா இருக்கமாட்டாமல் செய்தித்தாளை விரித்தாள்.

"இஞ்சேருங்கோ! பேப்பரிலையும் உங்கட செதில்!"

அவர் பாய்ந்து வாங்கிப் பார்த்தார். ஓரமெங்கும் ஊதாச் செதில்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக.

"மழை எப்ப தொடங்கினது, பிள்ளை?"

"கிளம்புறதுக்கு முன்னாடியே, ஐயா. கொட்டுற மழையில கடைவாசல்ல வச்சு, தன் கையால ஒட்டின உறையைக் குடுத்ததா முதலாளியே போலீஸ்ல சொல்லியிருக்கார். ஒரு குடை குடுக்கத் தோணலை அவருக்கு."

"குணமணி, ஒரு கிண்ணத்திலை தண்ணி கொண்டுவாரும்."

ஆல்பத்திலிருந்து ஊதாச் செதில் உறையைப் பிய்த்தார்.

"ஐயோ, உங்கட பொக்கிஷம்!"

"இன்னொண்டு வாங்கலாம், விடும்."

உறையை நனைத்து, அடி ஒட்டைப் பிரித்து, அந்த வழியாகப் பழைய செய்தித்தாள் ஒன்றைச் செருகி, வெளியே எடுத்தார். தாளில் செதிலே இல்லை. ஊதா, துடைத்துவிட்டது போல இழுபட்டிருந்தது.

முத்தாயி நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் புரியலை ஐயா."

"இந்த ஊதா தண்ணியிலை கரையும்," என்றார் தியாகராசா, ஒவ்வொரு சொல்லாக. "நனைஞ்ச உறைக்குள்ளை தாளைச் செருகினால், இப்பிடி இழுபடும். உறை காய்ஞ்ச பிறகு செருகினால், நிறமே பிடிக்காது. இரண்டு தாளையும் பக்கத்திலை வைச்சுப் பாரும். தங்கத்துக்குக் கிடைச்ச தாளிலை ஒரு செதிலும் கலையேல்லை. அப்ப, அது மழைத்தண்ணி படுறதுக்கு முதலே உள்ளே அசையாமல் இருந்திருக்கு."

"மழைதான் கடைவாசலிலேயே கொட்டினதே!" என்றாள் குணமணி.

"அதுதான், பிள்ளை. உங்கட மனுசன் உறையைக் கையிலை வாங்கினதே மழைக்குள்ளை."

"இதைக் கோர்ட்டுல சொன்னா நம்புவாங்களா?"

"சொல்லப்போறேல்லை. கிண்ணத்தைக் கொண்டுபோய்ச் செய்துகாட்டப்போறன். வேலாயுதம் எதையும் மாத்தேல்லை. பத்திரம் இந்த உறைக்குள்ளை போகவேயில்லை. செய்தித்தாளை வைச்சு ஒட்டினவர் இராமசாமி."