'மேபி' என்றொரு பதில்

"இந்த லென்ஸ் தெளிவா இருக்கா, இல்ல முன்னாடி போட்டதா?"

"மேபி... இது."

ஐந்தாவது மேபி! கண் பரிசோதிக்கும் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவான்? ஆனால் அந்தக் கண்கள்... கன்னங்கரேலென்று, எதையோ கேட்க வந்து தயங்குவது போல... எழுத வந்த லென்ஸ் எண்ணே அவளுக்கு மறந்துபோனது.

வானிலை அலுவலகத்தில் வேலையாம். தெரியாததை நிச்சயம் என்று சொல்லிவிட்டால் ஊரே திட்டுமாம், அப்படியே வாய்க்குப் பழகிவிட்டதாம். அவள் சிரித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கண்ணாடி தயாராகிவிடும் என்றவள் தன்னையறியாமல் கேட்டாள்.

"நீங்களே வந்து வாங்கிக்குவீங்களா?"

"மேபி."

சிரிப்பு அப்படியே அடங்கியது. போன வருடம் அவளுக்குச் சம்பந்தம் பேச வந்த வீட்டாரும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். எட்டு மாதம் வீடே போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் வந்தது அந்தப் பையனின் கல்யாணப் பத்திரிகை! மேபி என்றால் வேண்டாம் என்று அர்த்தம், என்று அண்ணி அன்றே அகராதி எழுதிவிட்டாள். இன்னொரு முறை காத்துக் கிடக்க அவளுக்குத் தெம்பில்லை. அவன் வந்தால் கண்ணாடியை நீங்களே கொடுத்து அனுப்பிவிடுங்கள் என்று கடை முதலாளியிடம் சொல்லி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. கடை மூடும் நேரம்... வரவில்லை. அண்ணி சொன்னதுதான் சரி என்று விளக்கை அணைக்கப் போனபோது கதவு திறந்தது. சொட்டச் சொட்ட நனைந்து அவன்!

முதலாளி நீட்டிய கண்ணாடியை அவன் வாங்கவில்லை. அவங்கதான் மாட்டிப் பார்க்கணும் என்று நின்றுவிட்டான். முதலாளி விவரமானவர், உள்ளே நழுவினார்.

அவள் கண்ணாடியை அவன் காதில் மாட்டினாள்.

"மழைய சொல்றவர்கிட்டயே குடை இல்லையா?"

"மழை மேபிதான், அதான் எடுக்கல. ஆனா இங்க வர்றது..." அவன் தடுமாறினான். "அன்னிக்கு பயந்துட்டேங்க. உங்களப் பிடிச்சிருக்கு. அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வர்றோம்."

"வருவீங்களா?"

"வருவோம்."

அந்தப் பழைய வார்த்தைக்காக அவள் ஒரு நொடி காத்திருந்தாள். அது வரவே இல்லை. நெஞ்சிலிருந்து ஒரு வருடப் பாரம் இறங்கியது. கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

"எனக்கும் உங்களப் பிடிச்சிருக்கு," என்றாள். "ஞாயித்துக்கிழமை குடை எடுத்துட்டு வாங்க."