அடுத்த மடு

பின்னால் விட்டுவிட்டு வந்த றூபன் முன்னால் நின்றுகொண்டிருந்ததை அருமைராசா முதலில் பெரிதாக எடுக்கவில்லை. மலை ஓடை வளைந்து வளைந்து இறங்குகிறது. கரை நெடுகப் பன்னச்செடியும் முள்ளும் மண்டிக் கிடக்கின்றன. தன்னுடைய தேய்ந்த முழங்கால்கள் கல்லுக் கல்லாகத் தடவி ஏறுகிற நேரத்துக்குள் தங்கையின் புருசன், இளந்தாரி, காட்டுக்குள்ளால் குறுக்கே விழுந்து வந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டார். அதே கரும்பச்சை மழைக்கோட்டு. வலது தோளில் கிழிந்த இடத்தில் தங்கை ஜெயனி ஒட்டிவிட்ட கறுப்பு டேப். மடுவின் கீழ்ப்பக்கத்தில், முழங்காலளவு தண்ணீரில், முதுகைக் காட்டியபடி, நீளத் தடியை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கூப்பிட வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். கதைக்கக்கூடாது. காலையில் மொன்றியலிலிருந்து வடக்கே வரும்போது காரிலேயே சொல்லிவிட்டான்.

"ஆறு சின்னன் அத்தான். ரெண்டு பேர் ஒரே மடுவுக்க நிக்க ஏலாது. நான் ஒண்டில நிண்டா நீங்கள் என்னைக் கடந்து அடுத்த மடுவுக்குப் போகோணும். பேந்து நான் உங்களைக் கடந்து அங்கால போவன். மாறி மாறித்தான். கடக்கேக்க முதுகுப் பக்கத்தால, கரையால. கதைக்கப்படாது. நிழல் தண்ணியில விழப்படாது."

"உது மீன் பிடிக்கப் போறதோ, செத்தவீட்டுக்குப் போறதோ?"

றூபன் ஸ்டியரிங்கில் தட்டிச் சிரித்தான். "நீங்கள் கடந்து போனா மற்றவருக்கும் கடக்க விடோணும் அத்தான். அவற்ற முறையைக் குடுக்காமல் வீட்ட போறதுதான் பெரிய மரியாதைக்கேடு எண்டு எங்கட யப்பான் செஃப் சொல்லுவார்."

டவுன்ரவுனில் அவன் வேலை செய்யும் சாப்பாட்டுக்கடையின் அந்தச் செஃப்தான் இந்த வித்தையைப் பழக்கியவர். தென்காரா என்று பேர். நூல் சுற்றுகிற றீல் கிடையாது. தடியின் நுனியில் தங்கூசி என்கிற நைலோன் நூலைக் கட்டி, அதன் முனையில் இறகு சுற்றிய ஒரு பொய்ப்பூச்சி, பூச்சிக்குள் கொழுக்கி. தடி எவ்வளவோ தங்கூசியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மீன் இழுத்தாலும் விட்டுக்கொடுக்க நூல் இல்லை. அகப்பட்டால் தூக்குவதுதான்.

அருமைராசாவுக்கு மீனும் தேவையில்லை, வித்தையும் தேவையில்லை. துறைமுகத்துப் பக்கம் கொண்டெயினர் இறக்கி இறக்கி முதுகு ஒடிந்த மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது படுக்கை. ஜெயனிக்காக வந்தார். போன கிழமை சோறு போட்டுக்கொண்டே அவள் அழுதாள். "ஒவ்வொரு ஞாயிறும் விடிய வெளிக்கிட்டுப் போறார் அண்ணை. ஒரு மீன்கூடக் கொண்டுவாறேல்லை. பிடிச்சுப் பிடிச்சு விடுறாராம். ஆரும் பிடிச்ச மீனை விடுவினமே? மலையில ஆரோ ஒருத்தி இருக்கிறாள்." இந்தக் கலியாணத்தைப் பேசி, றூபன் தங்கமான பொடியன் என்று சொல்லி, அவளை இந்தக் குளிருக்குள் கூப்பிட்டு எடுத்தவர் அவர்தான். அது முறிந்தால் அவளுடைய கண்ணை எப்படிப் பார்ப்பது?

அதனால்தான் முன்னால் நின்ற முதுகைப் பார்த்ததும் பயம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. இவன் என்னை விட்டுத் தப்பப் பார்க்கிறான். மேலே எங்கோ மரவீடு ஒன்று இருக்கிறது. அங்கே ஒருத்தி தேத்தண்ணி வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். போடா மோனே, எங்கே போகிறாய் என்று நானும் பார்க்கிறேன்.

சட்டப்படி முதுகுப் பக்கத்தால் அவனைக் கடந்தார். கடக்கும்போது ஒரு மணம் வந்தது. குளிரூட்டிய கொண்டெயினரின் கதவை முதன்முதல் திறக்கையில் முகத்தில் அடிக்குமே, ஈர இரும்பும் பழைய குளிரும் கலந்த அந்த மணம். காலையில் காருக்குள் மூக்கைத் துளைத்த றூபனின் சென்ட் அதில் துளியும் இல்லை. தண்ணீருக்குள் நிற்கிறான், அதுதான், என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அடுத்த வளைவில் ஏறினார்.

அங்கேயும் றூபன் நின்றான்.

இந்தத் தடவை அவர் நின்று பார்த்தார். மேப்பிள் இலையொன்று மடுவின் தலையிலிருந்து சுழன்று வந்தது, நுரை வந்தது, செத்த பூச்சியொன்று வந்தது. எல்லாம் அவனுடைய முழங்காலைத் தொட்டுக் கீழே போயின. அவனுடைய தங்கூசி மட்டும் போகவில்லை. தண்ணீரின் மேல் பொய்ப்பூச்சி, ஆணி அடித்து வைத்ததுபோல் அசையாமல் நின்றது. பாய்கிற தண்ணீரில் எந்தப் பூச்சி நிற்கும்? தடியும் ஆடவில்லை. தோளும் மூச்சுக்கு ஏறி இறங்கவில்லை. கறுப்பு டேப்பின் ஒரு மூலை கழன்று காற்றில் படபடத்தது, அது ஒன்றுதான் அவனில் அசைந்தது.

கடந்தார். ஏன் கடந்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. திரும்பிப் போவதென்றால் கீழே நிற்பவனைத் தாண்டிப் போகவேண்டும்.

மேலே ஒரு பெரிய பாறை. கையை ஊன்றி அதில் ஏறி நின்றால் ஓடையின் இரண்டு பக்கமும் தெரிந்தது. கீழே, இப்போதுதான் கடந்து வந்த மடுவில், கரும்பச்சை முதுகு. மேலே, அடுத்த மடுவில், கரும்பச்சை முதுகு. அதற்கும் மேலே, மரங்களுக்கிடையில், இன்னொன்று.

எல்லாவற்றிலும் கறுப்பு டேப்.

"மச்சான்," என்றார். பிறகு இன்னும் உரக்க, "மச்சான், பகிடி விடாதை," என்றார்.

ஒருவரும் திரும்பவில்லை.

முகத்தைப் பார்த்துவிட்டால் சரி. அப்படித்தான் நினைத்தார். மேல் மடுவில் நின்றவனைச் சுற்றி, சப்பாத்தோடு தண்ணீருக்குள் இறங்கி, வழுக்கி, கையால் தவழ்ந்து, மறுகரையில் ஏறினார். அவனுக்கு நேர் எதிரே. பதினைந்து அடி தூரம்கூட இல்லை. நிமிர்ந்தார்.

முதுகு.

ஒரு எட்டு இடப்பக்கம் வைத்தார். முதுகு. வலப்பக்கம். முதுகு. கறுப்பு டேப் வலது தோளில். எங்கிருந்து பார்த்தாலும் வலது தோளில்.

ஓடினார்.

கீழ் மடுக்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன. வெறும் தண்ணீர். வெறும் கல். அது இன்னும் பயமாக இருந்தது.

ஒழுங்கை முடிகிற இடத்தில் கார் நின்றது. பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு காலை ஆட்டியபடி, றூபன் மட்டன் ரோல் தின்றுகொண்டிருந்தான். முகத்தோடு. மீசையில் ரோல் தூள்.

"எங்க அத்தான் போனனீங்கள்? நான் முதல் மடுவிலயே கால் பிரட்டிப்போட்டன். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை அடைச்சுப்போச்சு."

அருமைராசா அவனைப் பார்த்தார். மூக்கைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார். வீங்கிய கணுக்காலைப் பார்த்தார். மெல்ல அவனைச் சுற்றி வந்து பின்பக்கத்தையும் பார்த்தார். ஒரு முகம், ஒரு முதுகு.

"என்ன, பொம்பிளை பார்க்க வந்த ஆக்கள் மாதிரிப் பார்க்கிறியள்? தங்கச்சியத்தான் தந்திட்டியளே!"

"மேல ஆரும் மீன் பிடிக்க வாறவையோ?"

"இஞ்சயோ? இந்த ஓடை ஒருத்தருக்கும் தெரியாது. நல்ல இடத்தை ஆரும் சொல்லமாட்டினம் அத்தான். செஃப்பே தன்ர மனிசி செத்தாப் பிறகுதான் சொன்னவர். தடியையும் தந்திட்டு, இனி நான் போகமாட்டன் எண்டிட்டார்."

"மனிசி என்னெண்டு செத்தவ?"

"அதை அவர் கதைக்கிறேல்லை." றூபன் கதவை அடித்துச் சாத்தினான். "ஏறுங்கோ. உங்கட முகம் பேய் அறைஞ்ச மாதிரிக் கிடக்கு."

றூபன் காரைத் தெற்கே திருப்பினான். பெண் ஒருத்தியும் இல்லை என்பது நல்ல செய்திதான். அதை எப்படி ஜெயனியிடம் சொல்வது என்று அருமைராசா யோசிக்கப் பார்த்தார். யோசனை ஓடவில்லை. வேறொன்று உள்ளே அரித்தது. நான் எத்தனை பேரைக் கடந்தேன்? அதில் ஒருத்தராவது என்னைக் கடந்தாரா? றூபன் வேகம் குறைத்து ஓட்டினான். நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் இடப்பக்கத்தால் அவர்களைக் கடந்து முன்னால் போயின. ஒரு சாம்பல் நிறக் கார் நெருங்கி, பக்கத்தில் வந்து, முன்னால் போனது. அது நேரே பக்கத்தில் வந்தபோது அதன் யன்னலுக்குள் பார்த்தார். சாரதியின் கன்னம் தெரியவேண்டிய இடத்தில் பின்னந்தலை தெரிந்தது. மழைக்கோட்டின் கழுத்து தெரிந்தது.

அதன்பின் அவர் மடியை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார்.

மொன்றியலில், செயின்ட்-மிஷேலில், ஜெயனியின் வீட்டு வாசலில் அவரை இறக்கிவிட்டு, பார்க்கிங் தேட றூபன் காரை எடுத்தான். இன்னும் பொழுது படவில்லை. எதிர்வீட்டுப் பிள்ளைகள் பிரெஞ்சில் சண்டை பிடித்துக்கொண்டு சைக்கிள் விட்டார்கள். வளைந்த இரும்புப் படியில் கைபிடித்து ஏறினார். கைபிடி ஈரமாக இருந்தது. மழை பெய்யவில்லை.

குசினிக்குள் ஜெயனி அடுப்படியில் நின்றாள். பால்கறி கொதிக்கிற மணம். அதற்கடியில், மெல்லிதாக, ஈர இரும்பின் மணம். புகை இழுக்கிற விசிறி மேலே இரைந்துகொண்டிருந்தது.

"அண்ணை!" அவள் கண் ஆவலாய் விரிந்தது. உடனே குரலைத் தாழ்த்தினாள். "மெல்லக் கதையுங்கோ. அவர் உள்ளுக்க."

"ஆர்?"

"ஆரெண்டால்? அவர்தான். இப்பதான் வந்தவர். ஒரு கதை பேச்சில்லை, எனக்குப் பின்னால கடந்து உள்ள போயிட்டார். சப்பாத்தும் கழட்டேல்லை, பாருங்கோ நிலத்தை. என்ன நடந்தது? பிடிபட்டிட்டாரோ?"

நிலமெல்லாம் ஈரக்கால். ஒரு சோடி அல்ல. ஒன்றின்மேல் ஒன்றாய், வாசலிலிருந்து அவளுக்குப் பின்னால், ஒழுங்காக, சுவரோரத்தால்.

அருமைராசா யன்னலால் எட்டிப் பார்த்தார். கீழே றூபன் இரண்டு கார்களுக்கு நடுவில் தன் காரை நுழைக்க முன்னும் பின்னும் எடுத்துக்கொண்டிருந்தான்.

திரும்பினார்.

நடையின் முடிவில் முதுகு. அறை வாசலில் முதுகு. பின்பல்கனிக் கண்ணாடிக்கு வெளியே இரண்டு. எல்லாம் கரும்பச்சை. எல்லாம் அசையாமல்.

ஜெயனி உள்ளேயும் பார்த்தாள், வெளியேயும் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. நெற்றியில் விழுந்த மயிரை ஒதுக்குவதுபோல் எதையோ தட்டிவிட்டாள். கன்னத்தைச் சொறிந்தாள்.

அப்போதுதான் தங்கூசிகள் தெரிந்தன. விளக்கு வெளிச்சத்தில், மயிரிழைகளாய். நடையிலிருந்து ஒன்று. அறையிலிருந்து ஒன்று. கண்ணாடியைத் துளைத்து இரண்டு. விசிறிக் காற்றில் திரைச்சீலை ஆடியது, ஆவி ஆடியது, அவளுடைய முந்தானை ஆடியது. அவை ஆடவில்லை. எல்லாம் ஒரே நீளம். எல்லாம் அவளிடம் வந்து முடிந்தன. நுனியில் சின்ன இறகுப் பூச்சிகள். அவளுடைய உதட்டுக்கு முன்னால். நின்றபடி.

அவள் கறி உப்புப் பார்க்கக் கரண்டியைத் தூக்கினாள்.

வேண்டாம். வாயைத் திறவாதே. மூடு. மூடிக்கொள். உள்ளே இவ்வளவும் ஓடியது. வெளியே ஒன்றுதான் வந்தது.

"ஜெயனி!"

"என்ன அண்—"

வாய் திறந்தபடி நின்றது.

கரண்டி விழுந்தது. நடையில் நின்ற தடி, முதல்தடவையாக, அசைந்தது. மேல்நோக்கி. அவளுடைய இடது உதட்டு மூலை மெல்ல மேலே ஏறியது, சிரிப்பு வருவதுபோல், ஆனால் ஒரு பக்கம் மட்டும். கண் இரண்டும் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தன. கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம். நொண்டி நொண்டிப் படியேறி வருகிற றூபனின் சீழ்க்கை.

அடுப்பில் பால்கறி பொங்கி வழிந்தது. ஜெயனியின் குதிக்கால்கள் செருப்பை விட்டு மெல்ல எழுந்தன. பிறகு கால்விரல்கள்.